கத்தரியின் நுனி வாடினால்: துளைப்பான் அந்துப்பூச்சியை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடித் தொகுதியின் கூரைத்தளத்தில் பதினொரு கத்தரிச் செடிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் திருநெல்வேலி ஊதா என்ற இனம்; யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிதான். முதல் நான்கு மாதங்களில் எனக்குக் கிடைத்தவை ஆறு நல்ல காய்கள். மற்றவை எல்லாம் வெட்டினால் உள்ளே கறுப்பு, நடுவில் ஓர் இளஞ்சிவப்புப் புழு. தண்ணீர் போதவில்லை என்றார்கள், கூடிவிட்டது என்றார்கள், கடல் காற்றின் உப்பு என்றார்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மூன்று வகை மருந்து வாங்கினேன். ஏறக்குறைய 4,000 ரூபாய் போயிற்று. புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எந்தப் பூச்சி, எத்தனை நாள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அடித்ததுதான் பிழை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆன செலவு அந்த மருந்துச் செலவின் கால்வாசிகூட இல்லை.

கொழும்பில் தொட்டியிலோ சாக்கிலோ முதல் தடவையாகக் கத்தரி வைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புழு கூடு கட்டி அந்துப்பூச்சியாக மாறும் முழுச் சுற்றையும் கண்ணால் பார்க்க மூன்று, நான்கு வாரங்கள் வேண்டும். ஒரு நாளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

1. வாடியிருப்பது நுனியா, செடியா?

இதைத் தீர்மானிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். நான் இங்கேதான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன்.

துளைப்பான் புழு, அதாவது தண்டையும் காயையும் குடையும் அந்தப் புழு, இருந்தால் ஓர் இளம் நுனி மட்டும், விரல் நீளத்துக்கு, தலை தொங்கிக் கிடக்கும். அதே செடியின் மற்றக் கிளைகள் நிமிர்ந்து நிற்கும். தண்ணீர்க் குறைவென்றால் எல்லா இலைகளும் சேர்ந்து சோரும். ஊற்றியபின் மாலைக்குள் நிமிரும். முழுச் செடியும் பச்சையாக இருக்கும்போதே சட்டென்று வாடி, தண்ணீர் ஊற்றியும் எழவில்லை என்றால் அது பக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம்.

சந்தேகம் என்றால் அடித்தண்டை வெட்டி, வெட்டுமுகத்தைத் தெளிந்த தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளைக்குள் தொங்கவிட்டு அசைக்காமல் சில நிமிடம் பாருங்கள். பால் நூல்போல வெள்ளையாக இறங்கினால் அது பக்டீரியா வாடல். இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, அந்த மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் வைக்காதீர்கள்.

2. வெட்டிப் பிளந்து பாருங்கள்

வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே, நல்ல பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டுங்கள். வெள்ளைக் காகிதத்தில் வைத்து, சவர அலகால் நீளவாக்கில் மெதுவாகப் பிளவுங்கள். உள்ளே தண்டு குழாய்போலக் குடையப்பட்டு, ஈரமான எச்சம் நிறைந்திருக்கும். அந்த எச்சத்தின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ ஆள் இருப்பார்.

முட்டையிலிருந்து வந்த புதிதில் புழு ஒரு மில்லிமீற்றர்கூட இராது, பாலாடை நிறம். வளர வளர இளஞ்சிவப்பாகும். முழு வளர்ச்சியில் 15 முதல் 18 மில்லிமீற்றர் வரை, பழுப்புத் தலை. காயில் தேடுகிறீர்கள் என்றால் காம்புக்கு அருகிலும் காயின் உடலிலும் சிறு துளைகளைப் பாருங்கள்; எச்சத்தால் அடைபட்டிருக்கும். துளை சுத்தமாக, திறந்து இருந்தால் பெரும்பாலும் புழு வெளியேறிவிட்டது.

கைவில்லை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புறக்கோட்டையில் பத்து மடங்கு பெருக்கும் வில்லைக்கு நான் 650 ரூபாய் கொடுத்தேன். தொலைபேசிக் கமராவின் முன் அதைப் பிடித்தால் படமும் எடுக்கலாம். படத்தில் ஓர் அடிமட்டம் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு அது புழுவா மலைப்பாம்பா என்று தெரியாது.

3. போத்தலில் வளர்த்தல்

புழுவை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லலாம், அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். நமக்கு அந்துப்பூச்சியையும் பார்த்தால்தான் உறுதி.

அகலவாய் ஜாம் போத்தல் ஒன்று, வாயில் கட்ட மல்துணி, இறப்பர் வளையம், அடியில் போட மடித்த காகிதம், ஒரு கத்தரித் துண்டு. செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முதல் மூன்று போத்தல்களும் வீணாயின. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது போத்தலைப் பிளாஸ்டிக் மூடியால் மூடி ஊசியால் துளை போட்டேன். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்துப் புழு செத்தது. மூடி வேண்டாம்; துணி. காகிதத்தை நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

இரண்டாவதை எறும்பு கண்டுபிடித்தது. கொழும்பில் நான்காவது மாடி என்பது எறும்புக்கு உயரமே அல்ல. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் போத்தலை வையுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டுச் சவர்க்காரம்.

மூன்றாவது பிழை கொஞ்சம் வெட்கக்கேடானது. சந்தையில் வாங்கிய கத்தரிக்காயை நறுக்கி உணவாகப் போட்டேன். இரண்டு நாளில் போத்தலுக்குள் இரண்டு புழுக்கள்! ஒன்று என் செடியிலிருந்து வந்தது; மற்றது சந்தையிலிருந்து, நான் காசு கொடுத்துக் கூட்டிவந்தது. எது எதுவென்று தெரியவில்லை. மறுநாள் இரண்டும் செத்துக் கிடந்தன. காயில் மருந்து இருந்திருக்க வேண்டும். உங்கள் செடியின் காயையே போடுங்கள். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபின் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை புதிது.

போத்தலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். சமையலறை யன்னல் விளிம்பு அழகாகத்தான் இருக்கும். மத்தியான வெயிலில் போத்தல் அடுப்பாகிவிடும். ஒரு போத்தலுக்கு ஒரு புழு. ஒரே நாளில் மூன்று போத்தல்கள் தொடங்கினால் ஒன்றாவது தப்பும்.

4. ஆவணம் என்றால் இதுதான்: திகதிச் சீட்டு

ஒவ்வொரு போத்தலிலும் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு. மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. எந்த நாள், எந்தச் செடி, நுனியா காயா, புழுவின் நீளம், இடம். பின்னர் ஒரு கொப்பியில் நாளுக்கு ஒரு வரி. என் கொப்பியில் தப்பிப் பிழைத்த போத்தலின் பக்கம் இப்படி இருக்கிறது:

மார்ச் 4: ஐந்தாம் தொட்டி, வாடிய நுனி. புழு 8 மில்லிமீற்றர், பாலாடை நிறம்.
மார்ச் 6: காய் வில்லைக்குள் நுழைந்துவிட்டது. தெரியவில்லை.
மார்ச் 9: 15 மில்லிமீற்றர். நல்ல இளஞ்சிவப்பு.
மார்ச் 11: காயை விட்டு வெளியே. போத்தலைச் சுற்றி நடக்கிறது. சாப்பிடவில்லை.
மார்ச் 12: காகித மடிப்புக்குள் கூடு.
மார்ச் 20: இரவு அந்து வெளியேறியது.
மார்ச் 22: செத்துக் கிடந்தது.

பதினொராம் திகதி அது அலைந்தபோது நோய் வந்துவிட்டது என்று நினைத்து எறியப் போனேன். எறியாதீர்கள். முழு வளர்ச்சி பெற்ற புழு கூடு கட்ட இடம் தேடி அப்படித்தான் அலையும். அந்த நாளில் காய்ந்த கத்தரி இலை ஒன்றையும் மடித்த காகிதத்தையும் உள்ளே வைத்துவிட்டு, தொடாமல் விடுங்கள்.

5. கூட்டுப்புழு: ஒன்றும் நடக்காத வாரம்

கூடு கடதாசிபோல உறுதியான பட்டு நூலால் ஆனது. இருக்கும் இடத்தின் நிறத்தையே எடுத்துக்கொள்ளும். காய்ந்த இலையில் இருந்தால் காய்ந்த இலை போலவே இருக்கும். செடியடியில் கிடக்கும் செத்தையைக் கிண்டி ஒரு கூட்டைக்கூட நான் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அதுதான், அங்கே கூடு இல்லாததால் அல்ல.

இந்த நிலை ஆறு நாளிலிருந்து பதினேழு நாள் வரை போகலாம். என்னுடையது எட்டு நாள். கூட்டைப் பிரித்துப் பார்க்கும் ஆசை மூன்றாம் நாளில் வரும். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், “மகன், அடைவைத்த முட்டையைத் திறந்து பார்ப்பார்களா?” என்று கேட்டதால் நான் தப்பினேன்.

பாடசாலையில் படித்தது நினைவிருந்தால்: முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி. நாள் கணக்கு இதுதான். முட்டை மூன்று முதல் ஆறு நாள். குடம்பி, அதாவது புழு, நம்மூர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் தோலுரித்து வளரும் ஐந்து பருவங்கள். கூட்டுப்புழு ஆறிலிருந்து பதினேழு நாள். நிறைவுடலி, அதாவது அந்து, சில நாள்தான். கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வருடம் முழுவதும் ஒரு தலைமுறைமேல் மற்றது வந்துகொண்டிருக்கும். ஒரே செடியில் நான்கு நிலைகளும் ஒரே நாளில் இருக்கும். “போன மாதம் அடித்தேனே” என்ற பேச்சுக்கு இங்கே பொருளில்லை.

6. அந்து வெளியே வந்தபின்

இரவில்தான் வெளியேறும். காலையில் போத்தலின் துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே திறக்காதீர்கள்; முதலில் கண்ணாடிக்கு வெளியிலிருந்து படம் எடுங்கள். பிடிக்கப் போனால் அடித்துக்கொண்டு இறகின் செதிலை எல்லாம் உதிர்த்துவிடும், பிறகு அடையாளம் இல்லை.

நான் பெரிய, முரட்டுப் பூச்சி ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். வந்தது இறகை விரித்தால் 20 முதல் 22 மில்லிமீற்றர். பெருவிரல் நகத்தைவிடச் சற்று அகலம். வெள்ளை இறகு, வெளிச்சத்தைச் சாய்த்தால் இலேசான ரோசா மினுக்கம். அதில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள், வெள்ளைக் காகிதத்தில் பிளேன்டீ தெறித்ததுபோல. இறகின் ஓரம் முழுவதும் மெல்லிய மயிர் விளிம்பு. முதுகிலும் திட்டுகள் உண்டு. இறகை விரித்தபடி, வயிற்று நுனியை மேல்நோக்கி வளைத்து உட்காரும். இந்த உட்காரும் விதத்தைப் படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெண் சற்றுப் பெரியது, வயிற்று நுனி கூர்மை, ஆணுக்கு மழுங்கியிருக்கும்.

படம் எடுத்தபின் போத்தலோடு ஓர் இரவு பிரிட்ஜின் உறைபெட்டியில் வையுங்கள். வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதுதான் கத்தரித் தண்டு, காய் துளைப்பான். விஞ்ஞானப் பெயர் லூசினோடெஸ் ஒர்போனாலிஸ். பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் அலுவலகங்களில் பேச்சு வேகமாக நகரும்.

7. வேறு ஆளாக இருக்கலாம்

யன்னல் விளக்குக்கு வந்த பூச்சியைப் பிடித்து “இதுதான் என் கத்தரியைத் தின்பது” என்று முடிவுகட்டுவது வழக்கமான பொறி. விளக்குக்கு ஊரே வரும். உங்கள் செடியிலிருந்து எடுத்த புழு உங்கள் போத்தலில் மாறி வந்த அந்துதான் சாட்சி.

புழு பெரிதாக, 40 மில்லிமீற்றர்வரை, உடலின் பாதி காய்க்கு வெளியே தொங்க, தலையை மட்டும் உள்ளே விட்டுத் தின்றால் அது ஹெலிகோவேர்பா என்ற வேறொரு புழு. மிளகாய், தக்காளியிலும் இருக்கும். அதன் அந்து தடித்த உடம்போடு வைக்கோல் நிறம்.

இலைகளில் குஞ்சம்போல மயிர் மூடிய முட்டைக் கூட்டமும், சல்லடையான இலையும் இருந்தால் வெட்டுப்புழு. துளைப்பான் முட்டையைக் கூட்டமாக இடாது. இலையின் அடிப்பக்கத்திலும் இளந்தண்டிலும் மொட்டிலும் காய்த்தொப்பியிலும் தனித்தனியாக இடும். முட்டை அரை மில்லிமீற்றர், தட்டையானது, பொரிக்குமுன் சிவக்கும். இவ்வளவு தேடியும் நான் இரண்டு தடவைதான் கண்டேன்.

இலை நீளவாக்கில் சுருட்டப்பட்டு, உள்ளே மஞ்சள் புள்ளியும் மயிரும் கொண்ட ஊதாப்பழுப்புப் புழு இருந்தால் இலைசுருட்டி. நுனியல்ல, அடித்தண்டே குடையப்பட்டு முழுச் செடியும் சோர்ந்தால் தண்டு துளைப்பான். அது வேறு அந்து.

2018இல் சோளத்துக்கு வந்த சேனா படைப்புழுவின் பின், கொழும்பில் எந்தப் புழுவைக் காட்டினாலும் பக்கத்து வீட்டுக்காரர் “சேனா!” என்பார். சேனாவின் முகத்தில் தலைகீழான ஆங்கில Y எழுத்துக் குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். தண்டுக்குள் இருந்த இளஞ்சிவப்பு ஆளுக்கு இவை கிடையாது.

8. யாரிடம் காட்டுவது, எதைக் கொண்டுபோவது

முதலில் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. அழைக்குமுன் கொப்பியைக் கையில் வைத்திருங்கள். “புழு வந்திருக்கிறது” என்றால் பொதுவான பதில்தான் கிடைக்கும். “நுனி வாடுகிறது, புழு இளஞ்சிவப்பு, எட்டு நாள் கூடு, வெள்ளை அந்து” என்றால் பேச்சே வேறு.

நேரில் என்றால் விவசாயப் போதனாசிரியரைத் தேட வேண்டும். மாநகரத்துக்குள் குடியிருக்கும் நமக்கு இன்னார் என்று தெரியாது; எந்தப் போதனாசிரியர் என்பதையும் எந்த நாளில் இருப்பார் என்பதையும் அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். களத்துக்குப் போகும் நாளில் போனால் பூட்டிய கதவுதான். நான் இப்படி ஓர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன்; ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுமுறை. மூன்றாம் தடவை ஆள் இருந்தார், புழு வெயிலில் வெந்திருந்தது.

ஆகையால் மாதிரியைப் பாதுகாக்கும் விதம்: புழுவைச் சில விநாடி வெந்நீரில் போட்டு எடுங்கள், நேரே ஸ்பிரிட்டில் போட்டால் கறுத்துவிடும். பிறகு மருந்துக்கடையில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில், சிறு குப்பியில். குப்பிக்குள்ளேயே பென்சில் சீட்டு. அந்துவை ஸ்பிரிட்டில் போடாதீர்கள், செதில் போய்விடும், தீப்பெட்டியில் பஞ்சின்மேல். வாடிய நுனியைக் காகிதத்தில் சுற்றுங்கள், பொலித்தீன் பையில் அழுகும். குப்பி, ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் சேர்ந்து எனக்கு 300 ரூபாய்க்குள் முடிந்தது.

சிக்கலான மாதிரி என்றால் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் உள்ள பயிர்ப் பாதுகாப்புச் சேவைக்கு அனுப்பச் சொல்லலாம். கத்தரித் துளைப்பானுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வராது.

வெளிநாட்டில் இருக்கும் ஆராய்ச்சிக்கார மருமகனுக்கு ஒரு தீப்பெட்டி அந்துவைப் பயணப்பெட்டியில் கொடுத்தனுப்பலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பூச்சி மாதிரிகளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. செடியையோ விதையையோ உள்ளே கொண்டுவருவதும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். படத்தை அனுப்புங்கள்.

9. நாள் கணக்கை வைத்து வேலை

முட்டையிலிருந்து பொரித்த புழு ஒரு மணித்தியாலத்துக்குள் பக்கத்தில் உள்ள நுனிக்கோ பூவுக்கோ காய்க்கோ உள்ளே போய்விடும். வெளியே இருப்பது அவ்வளவு நேரம்தான். மேலே அடிக்கும் மருந்து உள்ளே இருப்பவரை எட்டாது. என் 4,000 ரூபாய் போன வழி அது.

எனவே கத்தரிக்கோல்தான். வாரத்துக்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஞாயிறு காலை. வாடிய நுனி எல்லாம் ஓர் அங்குலம் கீழே வெட்டு. துளை உள்ள காய் எல்லாம் பறி, “இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்” என்ற இரக்கம் வேண்டாம். செடியடிச் செத்தையைக் கூட்டி அள்ளு, கூடு அங்கேதான். அள்ளியதைக் கூட்டெருவில் போட்டால் நீங்களே அந்துப் பண்ணை நடத்துகிறீர்கள். மாடியில் எரிக்கவும் முடியாது. சவர்க்காரத் தண்ணீர் வாளியில் ஓர் இரவு ஊறவிட்டு, பிறகு இறுக்கிக் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். புழு இரண்டு வாரம் உள்ளே இருப்பதால், வாரம் ஒரு தடவை தவறாமல் வெட்டினால் பெரும்பாலானவை கூடு கட்டுமுன் கையில் அகப்படும். ஒரு ஞாயிறு தவறினால் கணக்கு குலையும். ஒரு கலியாண வீட்டுக்கு ஊருக்குப் போய்வந்து நான் அறிந்தது.

ஏழெட்டுச் செடிதான் என்றால் நுண்வலை கட்டலாம். தொடங்குமுன் பழைய செத்தையை முழுவதும் அகற்றுங்கள், இல்லாவிட்டால் அந்து வலைக்குள்ளேயே பிறக்கும். வலைக்குள் தேனீ வராது. கத்தரிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் என்றாலும் ஓர் உலுக்கல் வேண்டும். காலையில் பூங்கொத்தை விரலால் தட்டுங்கள்.

மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால், பீடைநாசினிப் பதிவாளரிடம் பதிவானதா, லேபிளில் கத்தரி என்று இருக்கிறதா என்று பாருங்கள். தமிழிலும் அச்சிட்டிருப்பார்கள், தேடுங்கள். அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் என்று அதில் இருக்கும். கடைக்காரர் வேறு போத்தலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். நான் வாங்கிய மூன்றில் ஒன்றுக்கு லேபிளே இல்லை.

ஜூன் கடைசியில் பதினொரு செடியில் இரண்டு ஞாயிறு தொடர்ந்து ஒரு வாடிய நுனியும் இல்லை. மூன்றாம் ஞாயிறு ஐந்தாம் தொட்டியில் ஒன்று. வெட்டி, பிளந்து பார்த்தேன்: 6 மில்லிமீற்றர், பாலாடை நிறம். கொப்பியில் எழுதிவிட்டு வாளியில் போட்டேன்.